எம்எல்பி தி ஷோ 25: பேட்டிங் லெவல குறைக்கறதா, இல்ல ஸ்லைடர்ல கை வெக்கறதா?

அஸ்தம்பட்டி_ஓப்பனர்:
வணக்கம் மக்களே. சேலம் பக்கம் பேஸ்பால் கேம் ஆடுறவங்க ரெண்டு பேராவது இங்க இருப்பீங்கன்ற நம்பிக்கைல போடுறேன். பிஎஸ்5, ஷோ 25, ஃப்ரான்சைஸ் மோடு (ஒரு டீம எடுத்து முழு சீசன் ஆடுறது), சான் டியாகோ பாட்ரெஸ் டீம். பிரச்சனை பேட்டிங்ல மட்டும்தான். வெட்டரன்ல வெச்சா எவன் போட்டாலும் அடிக்கறேன், அஞ்சாவது இன்னிங்ஸ்லயே மேட்ச் செத்துப்போவுது. ஒரு படி ஏத்தி ஆல்-ஸ்டார் போனா அப்படியே தலைகீழ், பிட்சர் கைய விட்டு பந்து கிளம்பறது தெரியுது, அடுத்து கேட்சர் க்ளவ்ல சத்தம் கேக்குது, நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியல. மூணு ஸ்ட்ரைக் ஆகி அவுட், அதான் ஸ்ட்ரைக்அவுட், ஒண்ணு மேல ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு லெவல் இருந்தா அதுதான் எனக்கு வேணும். ஸ்டிக்கால குறிய நகர்த்தி அடிக்கற சோன் ஹிட்டிங்ல ஆடுறேன், டைரக்‌ஷனலுக்கு போக இஷ்டம் இல்ல. வேகம், டைமிங் எல்லாத்தையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கற ஸ்லைடர்னு ஒரு பெரிய பக்கமே இருக்கு, அதுல எத தொட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை_லெஜண்ட்:
ப்ரோ ஸ்லைடர் பக்கமே போவாத. ஆல்-ஸ்டார்லயே நில்லு, அடி வாங்கு, தானா வரும். நான் நேரா அதுக்கும் மேல உள்ள ஹால் ஆஃப் ஃபேம் லெவல்ல போய் உக்காந்துதான் கத்துக்கிட்டேன், இப்ப லெஜண்ட்ல ஆடுறேன். ஸ்லைடர குறைச்சு எடுக்கற ஹிட் ஹிட்டே இல்ல. நாளைக்கு ஆன்லைன் ரேங்க்டு ஆடப்போனா அங்க ஸ்லைடர் கிடையாது, எல்லாருக்கும் ஒரே செட்டிங்தான், அப்ப என்ன பண்ணுவ?

அம்மாப்பேட்டை_தறி:
நீங்க கேக்கற நடு லெவல் கேம்லயே இருக்குங்க. டிஃபிகல்ட்டில டைனமிக் செலக்ட் பண்ணுங்க, நீங்க நல்லா ஆடுனா அதுவே ஏத்தும், சொதப்புனா இறக்கும், வெட்டரன் பிளஸ், ஆல்-ஸ்டார் பிளஸ்னு நடுப்படியும் அதுல உண்டு. பேட்டிங்குக்கு தனி, பிட்சிங்குக்கு தனியா கணக்கு வெச்சுக்கும். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து ஒரு மேட்ச் ஆடுற ஆளு நான், எனக்கு இது போதும்.

நாகலூர்_காபி:
தம்பி, லெவல மாத்தறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு பதில் சொல்லு. ஆல்-ஸ்டார்ல நீ அவுட் ஆகும்போது ஸ்க்ரீன்ல ஃபீட்பேக் என்ன வருது? செட்டிங்ஸ்ல ஹிட்டிங் ஃபீட்பேக் ஆன் பண்ணி வெச்சிருக்கியா? ஒவ்வொரு ஸ்விங்குக்கும் டைமிங் எர்லியா லேட்டா குட்டானு காட்டும், பிசிஐ, அதாவது நீ ஸ்டிக்கால நகர்த்தற அந்த குறி, எங்க இருந்துச்சு பந்து எங்க வந்துச்சுன்னும் காட்டும். அத பாக்காம ஸ்லைடர தொடறது கண்ண கட்டிக்கிட்டு திருப்பற மாதிரி ஆயிடும்.

நான் இந்த சீரிஸ ஏற்காட்டுல உக்காந்து ரொம்ப வருஷமா ஆடுறேன், மழைக்காலத்துல எஸ்டேட் வேலை நாலு மணிக்கே முடிஞ்சுடும், வெளிய மூடுபனி, வேற போக்கிடம் இல்ல. இந்த கேம்ல நான் உறுதியா நம்பற ஒரு விஷயம் சொல்றேன். பேட்டிங் செட்டிங் சரியா இருக்குன்னா அதுக்கு அடையாளம் நீ எடுக்கற ஹிட் எண்ணிக்கை கிடையாது. எந்த பந்த அடிக்கலாம் எத விடலாம்னு முடிவு பண்ண உனக்கு நேரம் கிடைக்குதா, அத மட்டும் பாரு. அந்த நேரம் கிடைச்சா லெஜண்ட்லயும் ஆட்டம் நல்லா இருக்கும், கிடைக்கலன்னா ரூக்கில அடிக்கறதும் குருட்டடிதான்.

கணக்கு போட்டு பாரு. பிட்சர் மேட்டுல இருந்து பேட்டர் நிக்கற ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 இன்ச், அதாவது 18.44 மீட்டர். 95 மைல்ல, நம்ம கணக்குல 153 கிலோமீட்டர்ல வர்ற ஃபாஸ்ட்பால் கிட்டத்தட்ட 0.4 செகண்ட்ல வந்து சேருது. கிரிக்கெட்ல இதே ஸ்பீடுல போட்டாலும் பந்து நடுவுல குத்தி வேகம் கொஞ்சம் கொறஞ்சு வரும், இங்க குத்தறதே கிடையாது. அந்த 0.4 செகண்டுக்குள்ள ஃபாஸ்ட்பாலா, இல்ல அதே மாதிரி கிளம்பி மெதுவா வர்ற சேஞ்ச்அப்பானு கண்டுபிடிச்சு, உள்ளயா வெளியயானு பாத்து, ஸ்டிக்க தள்ளி, பட்டன அழுத்தணும். லெவல் ஏத்தும்போது கேம் மூணையும் ஒண்ணா இறுக்குது. பந்து சீக்கிரம் வருது, பிசிஐ சின்னதாவுது, டைமிங் ஜன்னல் ஒடுங்குது. உனக்கு இடிக்கறது இந்த மூணுல ஒண்ணா மட்டும்தான் இருக்கும். அது எதுன்னு ஃபீட்பேக் சொல்லும். ஒரு சில மேட்ச் ஆடிட்டு வந்து சொல்லு.

அஸ்தம்பட்டி_ஓப்பனர்:
அண்ணா ஃபீட்பேக் ஆஃப்ல இருந்துச்சு, இப்ப ஆன் பண்ணி ஆடினேன். ஃபாஸ்ட்பால் எல்லாத்துக்கும் லேட், வெரி லேட். சேஞ்ச்அப்புக்கு வெரி எர்லி. கர்வ்பால் கீழ குத்தி வர்றதுக்கெல்லாம் பேட்ட வீசிட்டு இருக்கேன், அத விடவே முடியல.

சூரமங்கலம்_அக்கா:
ஃபாஸ்ட்பாலுக்கு எப்பவும் லேட்னா மொதல்ல டிவிய பாருங்க தம்பி. கேம் மோடு ஆன்ல இருக்கா? நம்ம வீட்டு டிவி எல்லாம் சீரியலுக்கும் சினிமாவுக்கும்னு செட் பண்ணி வரும், படத்த வழவழன்னு காட்ட மோஷன் ஸ்மூத்திங் அது இதுன்னு உள்ள என்னென்னமோ பண்ணிட்டுதான் திரைக்கு அனுப்பும், அதுக்குள்ள பந்து பாதி தூரம் வந்திருக்கும். காபி சொன்ன 0.4 செகண்டுல 0.1 செகண்ட டிவி முழுங்கிடுச்சுன்னா கால்வாசி போச்சு, மீதில யாரு அடிக்க முடியும்? எங்க வீட்டுல பையன் இந்த கேம் வேணாம் ரொம்ப கஷ்டம்னு ஓரம் கட்டிட்டான், நான் ரிமோட்ட எடுத்து பிக்சர் மோட கேமுக்கு மாத்தி குடுத்தேன், அன்னைக்கே அவன் ஃபவுல் அடிக்க ஆரம்பிச்சான். ஃபவுல்னா பந்து பேட்ல பட்டு கோட்டுக்கு வெளிய போறது, டைமிங் கிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, சில டிவில கேம் மோடு ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியா வெக்கணும், நீங்க சொருகியிருக்கற போர்ட்ட பாத்து மாத்துங்க. சவுண்டு பாருக்கு சுத்திவிட்டு கனெக்ட் பண்ணியிருந்தா கன்சோல நேரா டிவில சொருகுங்க.

செவ்வாய்ப்பேட்டை_லெஜண்ட்:
அக்கா சொல்றத ஒத்துக்கறேன். நான் மானிட்டர்ல ஆடுறேன், அதனால இது எனக்கு தோணவே இல்ல. ஆனா ஸ்லைடர் விஷயத்துல என் பேச்சு அதேதான்.

நாகலூர்_காபி:
லெஜண்ட் தம்பி, உன் பேச்சுல பாதி நியாயம் இருக்கு, ஆன்லைன் ஆடணும்னா ஸ்லைடர் பழக்கம் உதவாது, ஒத்துக்கறேன். ஆனா ஃப்ரான்சைஸ் ஆடுறவன் தேடுறது வேற. அவனுக்கு 162 மேட்ச் சீசன் நிஜமா இருக்கணும், ஏழாவது இன்னிங்ஸ்ல 3-2 ஸ்கோர்ல பெஞ்ச்ல யார எழுப்பறதுன்னு யோசிக்கணும். ஸ்லைடர கேம் செஞ்சவங்களே உள்ள வெச்சிருக்காங்க, பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும், நடுவுல அஞ்சு. ஆளாளுக்கு கண்ணு வேற, கை வேற, வயசு வேற. நாற்பது தாண்டின எனக்கும் உனக்கும் ஒரே ரியாக்‌ஷன் நேரம் கிடையாதுப்பா, அதுக்காக நான் வெட்டரன்ல பத்து ரன் வித்தியாசத்துல ஜெயிச்சுட்டே இருக்கணுமா?

ஓப்பனர், உனக்கு வர்றேன். ஃபாஸ்ட்பாலுக்கு லேட், சேஞ்ச்அப்புக்கு எர்லின்னா நீ பந்த பாத்து அடிக்கல, பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு வேகத்த நெனச்சு வெச்சு அடிக்கற. டிவிய சரி பண்ணிட்டு லெவல ஆல்-ஸ்டார்லயே வையி. ஸ்லைடர்ல ஃபாஸ்ட்பால் பிட்ச் ஸ்பீடு, ஆஃப்ஸ்பீடு பிட்ச் ஸ்பீடுன்னு ரெண்டு இருக்கும். ரெண்டையும் ஒரே அளவுக்கு ஒரு புள்ளி இறக்கு. ஃபாஸ்ட்பால மட்டும் இறக்கிடாத, நிறைய பேரு அதத்தான் பண்றாங்க. 95ல வர்ற பந்துக்கும் 85ல வர்ற சேஞ்ச்அப்புக்கும் உள்ள அந்த இடைவெளிதான் பிட்சரோட ஆயுதம். ஒண்ண மட்டும் இறக்குனா அந்த இடைவெளி சுருங்கி ரெண்டுக்கும் ஒரே டைமிங் போதும்னு ஆயிடும், ஆட்டம் மறுபடி வெட்டரன் மாதிரி உப்பு சப்பில்லாம போயிடும்.

கான்டாக்ட், பவர், டைமிங், சாலிட் ஹிட்ஸ் இதுங்கள இப்போதைக்கு தொடவே தொடாத. அதெல்லாம் நீ ஸ்விங் பண்ணினதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்றத மாத்தறது. உனக்கு பிரச்சனை ஸ்விங்குக்கு முன்னாடி. கான்டாக்ட ஏத்துனா கெட்ட பந்த அடிச்சாலும் கேம் உன்ன மன்னிக்க ஆரம்பிக்கும், அப்புறம் நல்ல பந்துக்கு காத்திருக்கற பழக்கமே வராது.

அஸ்தம்பட்டி_ஓப்பனர்:
சரிங்ணா. டிவில கேம் மோடு ஆஃப்லதான் இருந்துச்சு அக்கா, மாத்திட்டேன், ரொம்ப நன்றி. மேல வர்ற ஃபாஸ்ட்பால் இப்ப ஃபவுலாவது ஆவுது. ஆனா அந்த கீழ விழற கர்வ்பால்? ஸ்லைடருல அதுக்கு என்ன இருக்கு?

அம்மாப்பேட்டை_தறி:
அதுக்கு நான் சொல்றேன். நீங்க பேர பாத்தா கிரிக்கெட் ஓப்பனர். கிரிக்கெட்ல கால் கிட்ட வர்ற பந்த விட முடியாது, விட்டா போல்டு. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டா எப்படியாவது பேட்ட கீழ எறக்கித்தான் ஆவணும். அந்த பயம் உடம்புலயே ஊறிப்போயிருக்கும். இங்க பின்னாடி ஸ்டம்ப் இல்லங்க. முழங்காலுக்கு கீழ வந்தா அது ஸ்ட்ரைக் சோனுக்கு வெளிய, பால்னு கணக்கு, நாலு பால் சேர்ந்தா நீங்க சும்மா நடந்து முதல் பேஸுக்கு போயிடலாம், அதுதான் வாக். பிட்சர் அந்த பந்த போடுறதே நீங்க வீசணும்னுதான். டென்னிஸ் பால் மேட்ச் ஆடிட்டு இந்த கேமுக்கு வந்த எங்க பசங்க எல்லாருக்கும் இதே வியாதி. தீர்றதுக்கு நாளாகும், ஆனா தீரும்.

நாகலூர்_காபி:
தறி சொன்னது நூத்துக்கு நூறு. அதோட ரெண்டு விஷயம். ஒண்ணு, கேமரா. ஹிட்டிங் வியூவ ஸ்ட்ரைக் சோன்னு வர்ற வியூக்கள்ல ஏதாவது ஒண்ணுக்கு மாத்து, கேட்சர் தலைக்கிட்ட இருந்து பாக்கற மாதிரி கிட்டக்க வரும், பந்து பெருசா தெரியும், கீழ விழறதா மேல வர்றதான்னு சீக்கிரம் பிரிச்சு பாக்கலாம். டிவி ஒளிபரப்பு மாதிரி தூர வியூல அழகா இருக்கும், அடிக்க முடியாது.

ரெண்டு, சிபியு ஸ்ட்ரைக் ஃப்ரீக்வென்சின்னு பிட்சிங் பக்கத்துல ஒரு ஸ்லைடர் இருக்கு. கம்ப்யூட்டர் பிட்சர் எவ்வளவு பந்த சோனுக்குள்ள போடணும்ன்றது அது. நெஜ மேஜர் லீக்ல பிட்சர் போடுறதுல பாதிக்கு பாதி பந்து சோனுக்கு வெளியதான் போவுது. அத ஒரு புள்ளி இறக்கு. இறக்குனா உனக்கு கஷ்டம் கொறையும்னு நெனைக்காத, பொறுமை இல்லாதவனுக்கு கஷ்டம் கூடத்தான் செய்யும், ஏன்னா வீசக்கூடாத பந்து அதிகமா வரும். ஆனா விடத் தெரிஞ்சுட்டா வாக் கிடைக்கும். பிட்சர் நிறைய பந்து போட்டு களைச்சு ஆறாவது இன்னிங்ஸ்லயே மாறுவான், அதுக்கப்புறம் வர்ற ரிலீவர வெச்சு ஆட்டத்த திருப்பலாம். நிஜ பேஸ்பால்ல பெரிய டீம் பண்றது இதத்தான். எனக்கு இந்த கேம்ல ரொம்ப பிடிச்ச தருணமே மூணு பால் ஆனதுக்கப்புறம் பந்து பந்தா ஃபவுல் பண்ணி நின்னு கடைசி பந்த விட்டு வாக் வாங்கறதுதான், ஹோம் ரன் கூட அப்புறம்தான்.

செவ்வாய்ப்பேட்டை_லெஜண்ட்:
அந்த கடைசி வரிக்கு ஒரு சல்யூட் அண்ணா.

ஓப்பனர், ஸ்லைடர் வேணாம்னு சொன்னாலும் ஒண்ணு தர்றேன். கஸ்டம் பிராக்டிஸ்ல போயி ஒரு பிட்சர செலக்ட் பண்ணு, லெவல ஹால் ஆஃப் ஃபேம்ல வையி, ஸ்விங்கே பண்ணாத. பந்து கைய விட்டு கிளம்பும்போதே ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் (இது பந்து வகை, செட்டிங் இல்ல), சேஞ்ச்அப்னு வாய் விட்டு சொல்லு. கொஞ்ச நேரம் அப்படி பாத்துட்டு ஆல்-ஸ்டாருக்கு திரும்பினா பந்து நின்னு வர்ற மாதிரி இருக்கும். சிங்கர்னு ஒரு பந்து வகை, வலது கை பிட்சர் கிட்ட இருந்து வலது கை பேட்டர் பக்கம் உள்ள வந்து எறங்கும், ஸ்லைடர் பிட்ச் வெளிய ஓடும். பந்து கைய விட்டு கிளம்பற இடத்த பாரு, பந்த துரத்தாத. கட்டை விரல ஸ்டிக் மேல லூசா வையி, இறுக்கி புடிச்சா பிசிஐ மூலைக்கு ஓடிடும், நடுவுக்கு திரும்பி வராது.

அஸ்தம்பட்டி_ஓப்பனர்:
எல்லாரும் சொன்னத போட்டு ஒரு சீரிஸ் முழுசா ஆடினேன். ராக்கீஸ் கூட, கூர்ஸ் ஃபீல்டுல. ஐயோ மறுபடி ரன் மழை. வேகத்த கூட ஒரு புள்ளிதான் இறக்கினேன், அதுக்கே இப்படியா? பவர குறைக்கணுமா?

நாகலூர்_காபி:
குறைக்காத குறைக்காத! கூர்ஸ் ஃபீல்ட வெச்சு எந்த செட்டிங்கையும் முடிவு பண்ணாத. அது டென்வர்ல இருக்கு, கடல் மட்டத்துல இருந்து சுமார் 5,200 அடி, கிட்டத்தட்ட 1,600 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம், அதாவது கூர்ஸ் ஃபீல்டு கிட்டத்தட்ட எங்க ஊர் உயரத்துல இருக்கற மைதானம்னு வெச்சுக்கோ. உயரத்துல காத்து அடர்த்தி கம்மி, பந்து தூரமா பறக்கும், கர்வ்பாலும் அவ்வளவா வளையாது, ஏன்னா வளையறதுக்கும் காத்துதான் புடிமானம். நிஜத்துலயே அங்க ரன் அதிகம்னுதான் 2002ல இருந்து பந்த ஈரப்பதம் கட்டுப்படுத்தற அறைல வெச்சு எடுத்து ஆடுறாங்க, அப்பவும் பேட்டருங்களுக்கு அது சொர்க்கம்தான். உன் சொந்த மைதானம் பெட்கோ பார்க், சான் டியாகோல கடலோரத்துல இருக்கு. அங்க ஆடி பாரு, அதுதான் உனக்கு அளவுகோல்.

ஒவ்வொரு மேட்சுக்கும் செட்டிங்க மாத்தாத. பேஸ்பால்ல பத்து தடவைல மூணு தடவ ஹிட் எடுக்கறவன் ஸ்டாரு. 1941ல டெட் வில்லியம்ஸ் .406 அடிச்சாரு, அதாவது ஆயிரத்துக்கு 406 ஹிட் கணக்கு, அதுக்கப்புறம் முழு சீசன்ல .400 தொட்டவன் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ரெண்டுலயும் இன்னும் வரல. 2024 சீசன்ல லீக் மொத்தத்துக்கும் பேட்டிங் ஆவரேஜ் .243தான். ஒரு டீம் ஒரு மேட்ச்சுக்கு சராசரியா எட்டு ஹிட் சொச்சம், மூணு வாக், எட்டு ஒன்பது ஸ்ட்ரைக்அவுட், நாலு நாலரை ரன். உன் கணக்கு மாசத்துக்கு இந்த பக்கத்துல எங்கயாவது வந்து நின்னா செட்டிங் சரின்னு அர்த்தம். ஒரு மேட்ச்ல ரெண்டு ஹிட்டோட தோத்தா அது ஆட்டம், செட்டிங் கோளாறு இல்ல.

சூரமங்கலம்_அக்கா:
காபி, ஒண்ணு சேத்துக்கறேன். வாக் எண்ணிக்கைய தனியா கவனிக்க சொல்லுங்க. ரன்னு சரியா வருது ஆனா வாக் சுத்தமா இல்லன்னா ஆளு இன்னும் கண்டதுக்கெல்லாம் வீசறாருன்னு அர்த்தம். என் பையன் கணக்குல மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு.

அம்மாப்பேட்டை_தறி:
இவ்வளவு படிச்சதுக்கப்புறம் டைனமிக்க பத்தி ஒரு வார்த்தை. முழு சீசன் கணக்கு வெச்சு ஆடுறவங்களுக்கு அது சரிப்படாதுங்க, ஏப்ரல்ல ஒரு லெவல் ஜூலைல ஒரு லெவல்னா ஆவரேஜுக்கு அர்த்தமே இல்ல. ஆனா உங்க படி எதுன்னு தெரிஞ்சுக்க அதுல கொஞ்ச நாள் ஆடுங்க, எங்க போய் நிக்குதோ அந்த லெவல எடுத்து பூட்டிட்டு ஸ்லைடருக்கு வாங்க.

செவ்வாய்ப்பேட்டை_லெஜண்ட்:
இது சூப்பர் யோசனை. இந்த இழைல பெஸ்ட் ஐடியா இதுதான்னு சொல்வேன்.

அஸ்தம்பட்டி_ஓப்பனர்:
அப்டேட். ஆல்-ஸ்டார், ரெண்டு பிட்ச் ஸ்பீடும் நாலு, சிபியு ஸ்ட்ரைக் ஃப்ரீக்வென்சி நாலு, மத்ததெல்லாம் அஞ்சு. பெட்கோல ஆடிட்டு இருக்கேன். மேட்ச் எல்லாம் கடைசி வரைக்கும் போவுது, நேத்து ஒண்ணு பத்தாவது இன்னிங்ஸுக்கு போச்சு. வாக் வர ஆரம்பிச்சிருக்கு அக்கா! நம்ம டீம் பேட்டர் அர்ராயஸ் பேட்டிங்குக்கு வந்தா பிசிஐ பெருசா இருக்கு, அவருக்கு மட்டும் எல்லாம் ஈசியா இருக்கு, அது ஓகேதானா இல்ல ஏதாவது மாத்தணுமா? அப்புறம் இடது கை பிட்சர் வந்தா சில பேர வெச்சு தொடவே முடியல.

நாகலூர்_காபி:
அர்ராயஸ அப்படியே விடு தம்பி. 2022ல மின்னசோட்டா, 2023ல மயாமி, 2024ல சான் டியாகோன்னு மூணு வருஷம் மூணு டீமுக்கு பேட்டிங் டைட்டில் (லீக்லயே அதிக ஆவரேஜ்) ஜெயிச்ச ஆளு அவரு, ஸ்ட்ரைக்அவுட் ஆகறதே அபூர்வம். விஷன் ரேட்டிங் கூடக்கூட பிசிஐ பெருசாவும், அதான் உனக்கு வித்தியாசம் தெரியுது. ஆளுக்கு ஆளு வித்தியாசம் கையில தெரியுதுன்னா செட்டிங் நல்லா உக்காந்துடுச்சு. கான்டாக்ட் ஸ்லைடர ஏத்தியிருந்தா அவருக்கும் எட்டாவது எடத்துல ஆடுறவனுக்கும் வித்தியாசம் மங்கியிருக்கும்.

இடது கை பிட்சருக்கு ஸ்லைடர் தேவையில்ல. பிளேயர் கார்டுல கான்டாக்ட், பவர் ரெண்டும் வலது கைக்கு தனி, இடது கைக்கு தனின்னு போட்டிருக்கும் பாரு. இடது கை பிட்சர் வர்ற அன்னைக்கு பெஞ்ச்ல இருக்கற வலது கை பேட்டர்ல யாருக்கு அந்த நம்பர் நல்லா இருக்கோ அவங்கள உள்ள கொண்டு வா. ஃப்ரான்சைஸ்ல லைன்அப் செட்டிங்ல இடது கை பிட்சருக்குன்னு தனி லைன்அப்பே சேவ் பண்ணி வெக்கலாம். டூ-ஸ்ட்ரைக் ஆயிடுச்சுன்னா சாதா ஸ்விங்க விட்டுட்டு வட்டம் பட்டன அழுத்து, அது கான்டாக்ட் ஸ்விங், பிசிஐ பெருசாவும், பவர் கொறையும், ஃபவுல் பண்ணி உயிரோட நிக்க அது போதும்.

அஸ்தம்பட்டி_ஓப்பனர்:
வட்டம் பட்டன நான் தொட்டதே இல்லண்ணா, சதுரத்துலயே பவர் ஸ்விங் வீசிட்டு இருந்தேன். இன்னைக்கு ராத்திரி டாட்ஜர்ஸ் சீரிஸ் ஆரம்பிக்குது, லைன்அப்ப மாத்தி வெச்சுட்டு ஆடுறேன்.